சடைநுனி மீன்

உங்கள் ஆட்கள் வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பாதியை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். வெயில் ஏறினால் வாடிப்போகும். யாரையாவது அனுப்பி ஒரு ஈரத் துணியைப் போட்டு மூடச் சொல்லுங்கள், எழுத்தரே. எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அந்தத் தடியையும் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். உள்ளங்காலில் அடித்து வாயைத் திறக்கவைப்பதெல்லாம் கல்லறைத் திருடர்களுக்கு. நான் தாயத்து செய்கிறவள். அரசர் உயிர்மேல் ஆணை, ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். உங்கள் எழுதுகோலின் வேகத்துக்கே சொல்கிறேன்.

என் பெயர் மெரித். மேலைச் சுவரை ஒட்டிய மூன்றாவது சந்தில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. வெண்கல்லை மாவாக அரைத்து, உவர் உப்பும் செப்புத்தூளும் சேர்த்துப் பிசைந்து, அச்சில் அழுத்திச் சூளையில் வைத்தால் பச்சை தானாக மேலே பூத்து வரும். அதற்கு அவசரப்படக் கூடாது. இந்த ஊரில் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் எல்லாம் இடுப்பில் கட்டியிருக்கும் நீர்யானைத் தாய்ச் சாமி என் கை வேலை. கண்ணேறு கழிக்கும் கண், தேள் விரட்டும் மணிமாலை, எல்லாம் என் சூளையில் வெந்தவை. உங்கள் சின்ன மகள் சடையில் தொங்குகிற மீனும் நான் செய்ததுதான். உங்கள் மனைவி வந்து பேரம் பேசி வாங்கிப்போனாள். நீங்கள் தெரியாதவர்போல் குனிந்து எழுதுகிறீர்கள், எழுதுங்கள்.

மற்றதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். மீன்தான் என் பெயர். ஆறும் கால்வாயும் சூழ்ந்த ஊரில் பெண் பிள்ளைக்குச் சடை விட்டதும் அதன் நுனியில் மீனைக் கட்ட வேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் முடிச்சில் இருக்கிறது விஷயம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் மந்திரம் சொல்லி, ஏழு முடிச்சு. மற்ற தாயத்துக்காரிகள் ஏழையும் ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், சோம்பேறிக் கழுதைகள். நான் நாலு நாள் எடுத்துக்கொள்வேன். இருபத்திரண்டு வருடத்தில் என் மீனைக் கட்டிய பிள்ளை ஒன்றுகூடத் தண்ணீரில் போனதில்லை என்று ஊர் சொல்லும். நானாக ஒரு நாளும் சொன்னதில்லை, ஊர்தான் சொல்லும்.

தண்ணீரில் முழுகிப்போன கிடங்கு வரிசைத் தெருக் குழந்தையைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். மூன்று வருடம் முன்பு. ஆமாம், அவள் சடையில் என் மீன் இருந்தது. கேள்விப்பட்ட உடனே முதல் ஆளாக ஓடினேன். அழுகிற வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து நூலைக் கையில் எடுத்தேன். நனைந்த நூல், என் நகமும் அப்போது நீளம், ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பிறகு அந்தத் தாயைக் கூப்பிட்டு எண்ணிக் காட்டினேன். ஆறுதான் இருந்தது. "நீ எப்பவோ குளிப்பாட்டும்போது அவிழ்த்திருக்கே" என்று சொன்னேன். அவளும் யோசித்துப் பார்த்து, "இருக்கும்க்கா, நான்தான் பாவி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். அவளுக்கும் ஒரு காரணம் கிடைத்தது, என் மீனுக்கும் கெட்ட பெயர் வரவில்லை. காரணம் தெரியாமல் அழுவதைவிடத் தெரிந்து அழுவது மேல்.

இப்போது கெமிக்கு வருகிறேன்.

கெமி படகோட்டி அன்குவின் பெண்டாட்டி. அவள் நாக்கு நாலு முழம். அழகி என்று ஒரு நினைப்பு வேறு. அவள் மகள் இத்தாவுக்கு மூன்று வயதில் என்னிடம்தான் மீன் வாங்கினாள், இப்போது இத்தாவுக்கு ஏழு. போன மாதம் துவைக்கிற படித்துறையில் கெமி உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். கீழைத் தெருவிலிருந்து ஒரு சின்னப் பெண், இடுப்பில் பிள்ளையோடு, என் வீட்டுக்கு வழி கேட்டாள். தண்ணீர்க் குடத்தோடு நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், அவர்கள் பார்க்கவில்லை.

"எதுக்குடி அந்தப் பச்சை மண்ணு?" என்றாள் கெமி. "ரெண்டு மாசம் எங்க வீட்டுக்காரர்கிட்ட விடு. உன் பொண்ணு தவளையாட்டம் நீந்தும்."

"அப்போ உன் மக சடையில தொங்குறது என்னவாம்?"

"அது அழகுக்குடி. மாடு கழுத்துல மணி கட்டுறதில்லையா, அதுமாதிரி. மணி கட்டினதாலயா மாடு நடக்குது?"

படித்துறையே சிரித்தது. கிடங்கு வரிசைத் தாயும் அங்கே துணி பிழிந்துகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. பிழிவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கல்லடி பட்டாலும் சொல்லடி படக் கூடாது என்பார்கள், நான் இரண்டும் பட்டவள், சொல்கிறேன், கல் பரவாயில்லை.

அந்த வாரமே தெருப் பிள்ளைகள் என்னை மாட்டுமணி அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நெசவுக்கூட மேலாளர் மனைவி, புதுவெள்ளத் திருவிழாவில் ஆடும் பெண் பிள்ளைகளுக்கு முப்பது மீன் கேட்டிருந்தாள். "இந்தத் தடவை தாமரை மாலையே போதுமாம்" என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். முப்பதும் அச்சிலிருந்து எடுத்துக் காய வைத்திருந்தேன். அதைக்கூட விடுங்கள். வாங்கிப்போன மீன்களை அவிழ்த்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் என் மீன்கள் வரிசையாகக் கிடக்கும். இருபத்திரண்டு வருடம், எழுத்தரே. எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது.

நான் நியாயமாகத்தான் நடந்துகொண்டேன். முதலில் கெமியிடம் போய்க் கேட்டேன். அவள் வாசலில் வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதைத் திருப்பி வாங்கிக்கணும் கெமி."

"எதைக்கா?"

"மாட்டுமணின்னு சொன்னியே."

"அட, அதையா இன்னும் மனசுல வச்சிருக்கே? சும்மா சிரிக்கிறதுக்குச் சொன்னதுக்கா. உட்காரு, ஒரு கிண்ணம் பீர் குடி."

"ஊர் முன்னாடி சொன்னே. ஊர் முன்னாடியே இல்லைன்னு சொல்லு. மீன்தான் என் பொண்ணைக் காப்பாத்துதுன்னு சொல்லு."

"அதெப்படிக்கா சொல்றது? அவ அப்பன் மூணு வருஷம் இடுப்பளவு தண்ணியில நின்னு கத்துக்கொடுத்திருக்கான். அவன் காதுல விழுந்தா என்னை வீட்டை விட்டே துரத்திடுவான்." வாத்தை மடியில் புரட்டிப் போட்டுக்கொண்டு சிரித்தாள். "உனக்கு அவ்வளவு நம்பிக்கைன்னா நீயே ஒண்ணு கட்டிக்கிட்டு ஆத்துல குதிச்சுக் காட்டேன். ஊரே கையைத் தட்டும்."

எனக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரென்றால் பயம். நானும் அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டு, பீரையும் குடித்துவிட்டு வந்தேன். நல்ல பீர்தான்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபம் மூன்றாம் நாளே அடங்கிவிட்டது. ஆறு நாள் உட்கார்ந்து யோசித்தேன். குதித்துக் காட்டு என்று சொன்னது கெமி. அது தப்பான பேச்சில்லை, மீனின் சக்தியைத் தண்ணீரில்தான் காட்ட முடியும். ஆனால் அது பெண் பிள்ளைகளுக்கான மீன். எனக்கு வேலை செய்யாது. வேறு யார் பிள்ளையைக் கொண்டு காட்டினாலும் கெமியின் வாய் அடங்காது. அவள் பிள்ளையாகவே இருக்க வேண்டும். யோசித்தால் உங்களுக்கும் இதுதான் தோன்றும்.

புது மீன் ஒன்று செய்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒன்று சூளையிலிருந்து வந்ததில்லை. செதில் செதிலாக, விளிம்பில் இம்மிகூடப் பிசிறு இல்லாமல், இளம் பயிரின் பச்சை. நாலு நாள், ஏழு முடிச்சு. ஒரு மந்திரத்தில்கூட நாக்குப் பிறழவில்லை. ஏழாவதைத் திருவிழா அன்று காலையில் போட்டேன்.

ஊர் முழுக்க முதலைச் சாமி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இத்தா தானாகத்தான் என் வாசலில் நின்றாள். நான் வரச் சொல்லவில்லை. முந்தின நாள் தெருவில் பார்த்தபோது, "உன் சடை நூல் நைஞ்சுபோச்சே, திருவிழாவுக்கு இப்படியா போவே?" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டு நின்றாள். என்னை மாட்டுமணி அத்தை என்று கூப்பிடாத பிள்ளை அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். பழைய மீனை அவிழ்த்துப் புதியதைக் கட்டினேன்.

"இது யாருக்கு அத்தை? எனக்கேவா?"

"உனக்கேதான். தண்ணியில போட்டா எப்படி மின்னும் தெரியுமா? வா, பாத்துட்டு வருவோம்."

தோல் பதனிடுகிற இடத்துக்குக் கீழே, கால்வாய் திரும்பும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே நாற்றத்துக்கு யாரும் வர மாட்டார்கள். ஊருக்குக் காட்டத்தானே செய்தாய், ஆளில்லாத இடத்துக்கு ஏன் போனாய் என்று கேட்கிறீர்கள். கூட்டம் இருந்தால் பிள்ளை கூச்சப்படும். முதலில் நான் ஒரு தடவை பார்த்துக்கொண்டு பிறகு ஊரைக் கூட்டலாம் என்று இருந்தேன். வழியில் ஒரு தேன் பணியாரம் கொடுத்தேன், தின்றுகொண்டே வந்தாள். விரலைக்கூட நக்கினாள்.

கரையிலிருந்து குதித்தாள். புதுவெள்ளம், செம்மண் நிறத்தில் இழுத்துக்கொண்டு ஓடியது. உள்ளே போனவள் நாலு முழம் தள்ளி எழுந்தாள். சடை நுனியில் மீன் பளிச்சென்று தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, எழுத்தரே, மறைக்கவில்லை.

"பாத்தியா? மீன் உன்னைத் தூக்கிட்டு வந்துடுச்சு."

"இல்லத்தை," என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள். "நான் காலை அடிச்சேன்ல? அதான். அப்பா சொல்லிக்கொடுத்தது. நீயும் வாயேன் அத்தை, நான் சொல்லித் தரேன்."

அவள் சொன்னது சரி. கால் அடித்தால் மீனுக்கு என்ன வேலை? ஒரே தட்டில் இரண்டு பேர் கை வைத்தால் யார் தின்றது என்று எப்படிச் சொல்வது? என்னிடம் முடிச்சுப் போட்டு மிஞ்சிய துணிப்பட்டை இருந்தது. இரண்டு காலையும் சேர்த்து வை என்றேன். விளையாட்டென்று நினைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து நீட்டினாள். கட்டினேன். இடுப்பளவு தண்ணீரில் நான் ஒரு நாணல் புதரைப் பிடித்துக்கொண்டு நின்று அவளை விட்டேன். கையால் துழாவி மிதந்தாள். "மீன் மாதிரியே இருக்கேன் பாரு அத்தை" என்று சிரித்தாள்.

கையையும் கட்டலாம் என்றதும் கொஞ்சம் யோசித்தாள். "அம்மாகிட்ட சொல்லக் கூடாது, திட்டும்" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை.

கையும் காலும் கட்டியிருந்தும் மல்லாந்து மிதந்தாள். நான் அசந்துபோனேன். இதோ இதோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கெமியின் முகம் எப்படிப் போகும் என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்போது அவள் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, பல்லிடுக்கில் சொல்கிறாள்: "மூச்சை உள்ளேயே வச்சுக்கிட்டா யாரும் முழுக மாட்டாங்க அத்தை. இதுவும் அப்பாதான்."

அந்த மனிதன் பிள்ளைக்குள் எதையெல்லாம் போட்டு வைத்திருக்கிறான் பாருங்கள். ஒன்றை எடுத்தால் இன்னொன்று. ஒவ்வொன்றாக எடுத்து, மீன் மட்டும் மிச்சம் இருக்கும்படி செய்ய வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தது அந்த மூச்சு ஒன்றுதான். அவள் மார்பில் கையை வைத்தேன்.

எதிர்க்கரைச் சலவைக்காரன் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவன் அப்போதுதான் துணி மூட்டையோடு இறங்கினான்.

"என்னம்மா, குளிப்பாட்டுறியா?" என்று கத்தினான்.

"ஆமா. திருவிழாவாச்சே."

"புள்ளை ரொம்ப அடம் பிடிக்குதே."

"தலை தேச்சா அப்படித்தான்."

அவன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். நல்ல மனிதன், நேற்று உங்கள் முன்னால் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டானாம். அவன் மேல் தப்பில்லை என்று எழுதுங்கள்.

பிறகு கட்டுகளை அவிழ்த்தேன். மணிக்கட்டில் தடம் இருந்தது. எண்ணெய் போட்டு நீவினேன். சும்மா ஜனங்கள் குழம்ப வேண்டாமே என்றுதான். சடையைப் பிழிந்து நேராக்கி நாணல் ஓரத்தில் படுக்க வைத்தேன். ஆற்றில் போகிறவர்களைக் கடவுள் நேராகத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார் என்று பூசாரி சொல்வார், நீங்களும் கேட்டிருப்பீர்கள். அப்படிப் பார்த்தால் பிள்ளைக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. ஈரத் துணியை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தாமரை மாலைதான் கட்டியிருந்தார்கள் அந்தப் பெண் பிள்ளைகளுக்கு, வாடித் தொங்கிக்கொண்டிருந்தது.

கெமி கூட்டத்தில் தேடிக்கொண்டு வந்தாள். "இத்தாவைப் பாத்தியாக்கா?" என்றாள். பார்க்கவில்லை என்றேன். சாயங்காலம் அன்குதான் கண்டெடுத்தான், தன் படகிலேயே கொண்டுவந்தான்.

நேற்று கெமி என் வாசலுக்கு வந்தாள். சலவைக்காரன் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. அடிக்க வருகிறாள் என்று நினைத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். அடிக்கவில்லை. படியில் தலையை முட்டிக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். "நீ கேட்டப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ஒரு பொய்தானேக்கா. ஒரே ஒரு பொய்." தெருவே கூடி நின்று பார்த்தது. எனக்கு வெறுத்துப்போயிற்று. அப்போதும் அதைப் பொய் என்றுதான் சொல்கிறாள் பாருங்கள். பிள்ளை போயும் அவளுக்குத் திமிர் அடங்கவில்லை.

முடிச்சைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். ஏழும் இருக்கிறது, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் நான் தனியாகத்தான் இருந்தேன், நூலும் நனைந்திருந்தது, கிடங்கு வரிசைக் குழந்தைக்குச் செய்ததுபோல் ஒன்றை அவிழ்த்திருக்கலாம். அவிழ்க்கவில்லை. அந்த மீனில் குறை எதுவும் இல்லை, குறை இருப்பதாக நான் ஏன் காட்ட வேண்டும்? மீனுக்குப் போதுமான நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மந்திரத்திலேயே இருக்கிறது: "கடைசி மூச்சின் விளிம்பில் வருவேன்." பாதியில் வருவேன் என்று இல்லை. அந்த விளிம்பு எது என்று பார்ப்பவளுக்கு எப்படித் தெரியும்? நான் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது வரும், இதோ வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவள் அன்றைக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. இதை அப்படியே எழுதுங்கள்.

என்ன கேட்டீர்கள்? அவள் துடித்தபோது கையை எடுக்கத் தோன்றவில்லையா என்றா?

தோன்றியது. இரண்டு தடவை தோன்றியது. இரண்டாவது தடவை அவள் கண்ணைத் திறந்து தண்ணீருக்குள்ளிருந்து என்னைத்தான் பார்த்தாள். எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அப்போது அவளைக் காப்பாற்றியது என் கையாகிவிடும், எழுத்தரே, மீனாக இருக்காது.